பின்கட்டுப் பிரதிஷ்டை

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்புத் தாமானைக் கட்டிய குத்தகைக்காரர், சமையலறைக் கதவுக்கும் பின்சந்துச் சுவருக்கும் நடுவே மனமில்லாமல் விட்டுவைத்த ஐந்தடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்துக்கு, வரைபடத்தில் ‘யார்டு’ என்று வெகு கம்பீரமாகப் பெயர் சூட்டியிருந்தார். அந்தப் பெயரை நம்பி வீடு வாங்கிய நான், இருபத்திரண்டு வருஷங்களாக அதற்குள் ஒரு கேஸ் தோம்பு, ஒரு துவைகல், ஒரு குழாய், ஒரு சலவை யந்திரம், இரண்டு துடைப்பம், பெரும்பாலான காலை வேளைகளில் என் தாயார் ஆகிய சகலத்துக்கும் இடம் பண்ணிக் கொடுத்துக் குடித்தனம் நடத்தி வருகிறேன்.

அந்தத் துவைகல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது மரியாதையன்று. ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், லயத்து வீடுகளின் பின்னால் பொதுக்குழாயடியில் கிடந்து, பால்மரம் வெட்டிவிட்டு வருகிறவர்களின் சட்டையில் ஏறிய பால்கறையோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய கல் அது. நாங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்த நாளில், லொறியில் இனி இடமில்லை என்று டிரைவர் கைவிரித்தபோது, “பீரோ கிடக்கட்டும், கல்லை ஏத்துங்க” என்று என் தாயார் இட்ட உத்தரவினால் எங்களோடு வந்து சேர்ந்தது. எண்பத்து நான்கு வயதிலும் தம்முடைய புடவையைத் தாமே அதில் கும்மி எடுக்கிறவர் அவர். உலகத்தில் நம்பத்தகுந்த சலவைச் சாதனம் எது என்று கேட்டால் விரலை அதன் பக்கமே நீட்டுவார். மின்சாரம் வேண்டாம், உத்தரவாதச் சீட்டு வேண்டாம், ரிப்பேர்க்காரர் வேண்டாம். துவைப்பதற்கு ஓர் ஆள் மட்டும் வேண்டும் என்னும் சிறு குறையை அவர் ஒரு குறையாகவே கருதுவதில்லை.

வீட்டிலுள்ள மற்ற மூவரும் அவ்வளவு சத்துள்ள பிறவிகளாக இல்லாமற் போனபடியால், இரட்டைத் தொட்டி யந்திரம் ஒன்றைப் பத்தொன்பது வருஷம் வைத்து ஓட்டினோம். ஒரு தொட்டியில் அது துவைக்கும். மறு தொட்டியில் அது பிழியும். இதிலிருந்து எடுத்து அதில் போடும் உத்தியோகத்தை மட்டும், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது தயையுடன் ஒதுக்கி வைத்திருந்தது. தீபாவளிச் சலவை முழுவதையும் முடித்துக் கொடுத்துவிட்டு, பண்டிகை கழிந்த மூன்றாவது வாரத்தில், வடகிழக்குப் பருவக்காற்று ஜொகூரின் தலைமேல் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்ட ஒரு மாலைப் பொழுதில், மூன்று முறை முனகி அது அடங்கிப் போயிற்று.

வெயில் காலமாக இருந்தால் அந்த மரணத்தை நாங்கள் தைரியமாகவே தாங்கியிருப்போம். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். 1924-ஆம் வருஷம் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சமே தாண்டிய ஜொகூர்-சிங்கப்பூர்க் கடற்பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இருட்டியபின் திரும்பும் ஆயிரமாயிரம் ஜொகூர்ப் பிள்ளைகளுள் அவனும் ஒருவன். அவனுக்குக் கம்பெனி கொடுத்த சீருடை இரண்டே இரண்டு. மழைக்காலத்தில் ஒன்று அவன் உடம்பில் நனையும். மற்றொன்று எங்கள் வீட்டுக் கொடியில் நனையும். நடுக்கூடத்து மின்விசிறியின் இறக்கைக்கு நேர்கீழே சட்டையைத் தொங்கவிட்டு, வந்த விருந்தாளிகளைச் சட்டையின் இரு கைகளுக்கும் நடுவே அமர்த்தி உபசரித்தோம். இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்து ஆவியெழுப்பிப் பார்த்தோம். எப்படிச் செய்தாலும் காலர் மட்டும் ஈரவாடையோடு எல்லை தாண்டிப் போய் வந்தது.

இந்தச் சங்கடம் தமிழனுக்குப் புதிதுமன்று. காஞ்சிபுரத்தில் ஏகாலியர் குலத்தில் தோன்றிய திருக்குறிப்புத் தொண்ட நாயனார், அடியார்களின் குறிப்பை முகத்திலேயே அறிந்து அவர்களுடைய உடைகளை வெளுத்துக் கொடுத்து வந்தார் என்றும், குளிர்காலத்தில் ஒருநாள் மெலிந்த முதியவர் வடிவில் அழுக்குக் கந்தையோடு வந்த பெருமான், பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தரவேண்டும் என்று நிபந்தனை விதித்துவிட்டு, அடுத்தாற்போல் மழையையும் தாமே அனுப்பிவைத்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. நாயனார் துவைத்துவிட்டார், அதில் கஷ்டமே இல்லை. உலர்த்தத்தான் முடியவில்லை. உலராத துணியின் முன்னால் செய்வதறியாது தம்முடைய தலையைத் துவைகல்லில் மோதிக்கொள்ளப் போனார். கல்லிலிருந்து ஒரு திருக்கை எழுந்து பிடித்துக்கொண்டது. சேக்கிழார் பக்தியின் மகிமையைக் காட்டவே இதைப் பாடினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், நவம்பர் மாதத்து ஜொகூரில் பிள்ளையின் சீருடையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அந்தக் கதையில் தெரிவது வேறு: துவைப்பது மனித யத்தனம், உலர்த்துவது தெய்வாதீனம். சலவை யந்திரம் வாங்கப் புறப்பட்ட நாங்கள் உலர்த்தும் யந்திரமும் சேர்த்தே வாங்குவது என்று முடிவு செய்தது இந்தச் சித்தாந்தத்தின் பேரில்தான்.

கடைக்கு நால்வருமாகப் போனோம். அங்கிருந்த தமிழ் இளைஞர், பார்த்த மாத்திரத்தில் பணக்காரன் என்று தவறாக மதிப்பிட்டோ என்னவோ, என்னை நேரே ஒரு கறுப்பு யந்திரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தி, “அங்கிள், இதிலே ஏஐ இருக்கு. துணியைப் போட்டாப் போதும், பருத்தியா பட்டா, அழுக்கு எவ்வளவு, எல்லாம் அதுவே கண்டுபிடிச்சிடும்” என்றார்.

“அப்ப நாயனார் மாதிரி, குறிப்பறிஞ்சு துவைக்குமாக்கும்?” என்று கேட்டார் என் தாயார்.

“ஆமா பாட்டி” என்றார் இளைஞர், எந்த நாயனார் என்று விசாரியாமலேயே.

“பால்கறை போவுமா?”

“பசும்பாலா பாட்டி?”

என் தாயார் அதற்குமேல் அந்த யந்திரத்தின் பக்கம் திரும்பவேயில்லை. ரப்பர்ப் பால் என்றால் என்னவென்று தெரியாத தலைமுறை விற்கும் சாமானில் குறிப்பறிதல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது அவருடைய சந்தேகம்.

அடுத்தபடியாக, துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே வயிற்றில் நடக்கும் கூட்டு யந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். இடமில்லாதவர்களுக்கென்றே பிறந்தது என்றார்கள். என் மனைவி அதன் நெற்றியில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்: துவைப்பது 8 கிலோ, உலர்த்துவது 5 கிலோ. “மிச்சம் மூணு கிலோ ஈரத்துணியை யார் தலையிலே காயப்போடுறது?” என்று அவள் கேட்டபோது, பாதியை வெளியே எடுத்துவிட்டு மீதியை உலர்த்தி, பிறகு எடுத்து வைத்த பாதியை மறுபடி போடவேண்டும் என்று விளக்கம் வந்தது. எனக்கு என் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைக்கவிருந்ததை அவள் தடுத்துவிட்டாள்.

முன்பக்கம் கதவுள்ள யந்திரம் தண்ணீரை மிச்சப்படுத்தும், ஒரு சலவைக்கு ஐம்பது லிட்டர் அளவே பிடிக்கும் என்று இளைஞர் சொன்னதும், எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். 1962-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து ஆயிரம் காலன் தண்ணீரை 3 சென்னுக்கு எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் காலன் என்பது 4,546 லிட்டர். ஆகவே அக்கரையில் இருப்பவர் 3 சென் பச்சைத் தண்ணீரில் தொண்ணூறு முறை துவைக்கலாம் என்று கடைக்குள்ளேயே நின்று நிரூபித்தேன். “அப்படின்னா தினம் அழுக்குத் துணியைப் பிள்ளைகிட்டே கட்டிக்கொடுத்து அனுப்பிடலாம்” என்றாள் மனைவி. அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

பழைய யந்திரத்தைப் பத்தொன்பது வருஷம் உயிரோடு வைத்திருந்த ரிப்பேர்க்காரரைக் கேட்காமல் புதியது வாங்குவது, குடும்ப வைத்தியரைக் கேட்காமல் பெண்ணெடுப்பது போலாகும் என்று தோன்றியது. சீனர் அவர், தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்து, நம் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றவர், தமிழில் எழுத்துத் தெரியாதே தவிர, தமிழில் திட்டுவதில் என்னைக் காட்டிலும் வித்வான். பின்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வாத்தியாரே, மெஷின் தன்னாலே சாவுறதில்லே. எலி கடிச்சுச் சாவும், இல்லாட்டி சாமான் கிடைக்காமச் சாவும். விளக்கு நிறைய எரியுற மெஷினை வாங்காதீங்க. உள்ளே ஒரு போர்டு இருக்கும், அதிலே பல்லி விழுந்தாப் போச்சு. பட்டன் கொறச்சலா இருக்கிறதைப் பாருங்க. ரொம்ப பேர் வாங்கினதைப் பாருங்க, அதுக்குத்தான் சாமான் கிடைக்கும்.”

உலர்த்தியின் விஷயத்திலும் அவருடைய தீர்ப்பு இதே ஜாடையில்தான் இருந்தது. ஹீட் பம்ப் என்னும் ரகம் சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை மிச்சம் பிடிக்கும். விலையோ மிக அதிகம், வேலையும் மெதுவாக நடக்கும், உள்ளே குளிர்பெட்டியில் உள்ளதைப் போல ஒரு கம்ப்ரஸர் வேறு. கேஸில் ஓடும் ரகம் அதிவேகம். ஆனால் எங்கள் மூன்றரை அடியில் இரண்டாவது தோம்பு வைத்தால் தாயார் ஊரைக் கூட்டிவிடுவார். சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே ஊதித் தள்ளும் பழைய சாதாரண ரகம் மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும். “வெயில் அடிச்சாக் கொடியிலே போடுவீங்க. மழை நாளிலே பையன் சட்டைக்கு மட்டும்தானே? கரண்டு பில்லு ஒண்ணும் பெரிசா ஏறாது. முதல்லே மெஷின் நல்லாப் பிழியுதான்னு பாருங்க. அது பிழியாத தண்ணியைத்தான் நீங்க காசு கொடுத்துக் காய வைக்கிறீங்க” என்றார். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். கடையில் யாரும் சுழல் வேகத்தை என்னிடம் பேசவேயில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் வாழ்க்கையையே திசை திருப்பிற்று. “யந்திரத்தின் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி செஞ்சு இங்கே வச்சு ஒரு வாரம் இருந்து பாருங்க. பெட்டியோட குடும்பம் நடத்த முடிஞ்சா மெஷினோடயும் நடத்தலாம்.”

மகன் எங்கிருந்தோ ஒரு குளிர்பெட்டி அட்டையைக் கொண்டுவந்தான். 60 சென்டிமீட்டர் அகலம், 85 உயரம், ஆழம் 55, பின்னால் குழாய்களுக்கென்று 10 சேர்த்து 65 என வெட்டி ஒட்டி, தோசைக்கல்லை வைத்து வட்டம் வரைந்து, கதவு கூட ஒன்று பண்ணி, முதுகு சமையலறைச் சுவரில் சாய்ந்திருக்க, முகம் பின்சந்தைப் பார்த்திருக்க, முறைப்படி பிரதிஷ்டை செய்தோம். மூன்றரை அடி என்பது 107 சென்டிமீட்டர். பெட்டி போக மீதம் 42. அட்டைக் கதவு பாதிவரை திறந்து, நன்கொடைப் புத்தகத்தைக் கண்ட செட்டுக்காரர் வீட்டுக் கதவைப் போல அப்படியே நின்றுவிட்டது. மனைவி சுவரை இடிக்கலாமா என்றாள். மகன் வீட்டை மாற்றலாம் என்றான். நான் யந்திரத்தின் மூலப்பிரச்சினையே மனித அழுக்குத்தான் என்னும் திசையில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் இரவு அடித்த பேய்மழையில், பின்சந்தில் திரியும் சாம்பல் நிறப் பூனை ஒன்று கம்பிச் சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து, எங்கள் அட்டை யந்திரத்துக்குள் மூன்று குட்டிகளை ஈன்று வைத்தது. விடிந்து நான் போய்ப் பார்த்தபோது பெட்டி இருந்த வாக்கிலே இல்லை. சாரல் நேரே குட்டிகளின் மேல் அடிக்கிறதென்று நள்ளிரவில் எழுந்து வந்த என் தாயார், பெட்டியின் முதுகைப் பக்கச் சுவரோடு அணைத்து, வாயைத் துடைப்பம் சாத்தும் மூலையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். அட்டைக் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. அதன் முன்னால் அவர் சாவதானமாகக் குந்தி உட்கார்ந்து கிண்ணத்தில் பால் வைத்துக்கொண்டிருந்தார். நான் அளவு நாடாவை எடுத்து வந்தேன். ஐந்தடியில் 65 சென்டிமீட்டர் போக 87 மிச்சம். முப்பது வருஷம் வடிவகணிதம் போதித்த ஒருவனுக்கும், சிங்கப்பூரில் தொழில்நுட்பம் பார்க்கும் அவன் மகனுக்கும் தோன்றாத தொண்ணூறு பாகைத் திருப்பத்தை ஒரு கிழவியும் ஒரு பூனையும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

விடை கிடைத்துவிட்டது, ஆனால் இடம் கிடைக்கவில்லை. குட்டிகள் கண் திறக்கும் வரை பெட்டியை அசைக்கக்கூடாது என்று தாயார் தடையுத்தரவு பிறப்பித்தார். கண் திறந்தபின், நடக்கும் வரை என்று அது நீட்டிக்கப்பட்டது. ஆகவே ஒரு மாதத்துக்கும் மேலாக நான் அழுக்கு மூட்டையோடு சுயசேவை டோபிக் கடைக்கு நடையாய் நடந்தேன்.

டோபி என்னும் சொல்லே நம் முன்னோரின் நாட்டிலிருந்து இங்கு வந்து மலாயில் குடியேறிய சொல்தானே. இந்தியாவிலிருந்து வந்த வண்ணார்கள் சிங்கப்பூரில் பிராஸ் பாசா ஓடையில் துவைத்துப் பக்கத்துத் திடலில் உலர்த்திய இடம் டோபி காட். ஓடை கால்வாய்க்குள் ஒடுங்கிவிட்டது, திடலின் பக்கம் ரயில் நிலையம் வந்துவிட்டது, பெயர் மட்டும் இன்னும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஜொகூரில் டோபிக் கடை ராஜாங்க விவகாரமாகவும் ஆனதுண்டு. 2017-ஆம் வருஷம் மூவாரில் ஒரு கடைக்காரர், முஸ்லிம்கள் மட்டுமே இங்கே துவைக்கலாம் என்று அறிவிப்பு மாட்டினார். சுல்தான் இப்ராஹிம் அவர்கள், இது எல்லா இனத்தாருக்கும் சமயத்தாருக்கும் உரிய மாநிலம் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நான் போகும் கடையில் இரவு பதினொரு மணிக்கு மலாய்த் தாதி ஒருவர், சீன மாணவர் இருவர், வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் நால்வர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் எல்லாரும் ஒரே வரிசை உலர்த்திகளின் முன் காத்திருப்போம். அவரவர் துணி சுழல்வதை அவரவர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மௌனம், கோயில் பிராகாரத்தில் கூட இந்நாளில் கிடைப்பதில்லை.

சனி, ஞாயிறுகளில் மட்டும் போகக்கூடாது. 2014 முதல் வெள்ளியும் சனியுமாக இருந்த ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து பழையபடி சனியும் ஞாயிறுமாக மாறியதில், மாநிலத்தின் அழுக்கும் அரசாங்க உத்தரவுக்குப் பணிந்து ஒருநாள் தள்ளிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லா யந்திரமும் சும்மா இருக்கும் என்னும் இரகசியம் ஓய்வூதியக்காரர்களுக்குள் மட்டும் புழங்குகிறது. நீங்களும் வெளியே சொல்லவேண்டாம்.

கடைசியில் குட்டிகள் அட்டையைக் கிழித்து அவையாகவே வெளியேறியபின், பட்டன் குறைந்த எட்டுக் கிலோ யந்திரம் ஒன்றும், அதன்மேல் இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைக்கச் சாதாரண உலர்த்தி ஒன்றும் வந்து இறங்கின. பெட்டி நின்ற அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தினோம். கொண்டுவந்தவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்தார்கள். முதல் சலவை முடிந்து பிழிய ஆரம்பித்ததும், தைப்பூசத்து உறுமி மேளம் மொத்தமும் எங்கள் பின்கட்டில் இறங்கினாற்போல ஓசை எழும்பி, யந்திரம் சாட்சாத் சாமியாடிக்கொண்டு சமையலறை வாசலை நோக்கி நடந்து வந்தது. பெண்கள் கற்பூரம் தேட ஓடினார்கள். நான் சுவிட்சை அணைத்தேன்.

ரிப்பேர்க்காரர் வந்து பின்புறத்தில் குனிந்து பார்த்துவிட்டுத் தமிழில் சில மங்கல வாழ்த்துகளைப் பொழிந்தார். லொறியில் குலுங்கும்போது உள்ளுருளை அசையாமலிருக்கத் தொழிற்சாலையில் முடுக்கிவிடும் நான்கு திருகாணிகளைக் கழற்றாமலே ஓட்டியிருக்கிறோம். 1937-ல் அமெரிக்காவில் வந்த பெண்டிக்ஸ் என்னும் முதல் தானியங்கி யந்திரத்தை, நடமாடாமலிருக்கத் தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கவேண்டியிருந்ததாம். எங்களுடையதை நிற்க வைக்கத் திருகாணியைக் கழற்ற வேண்டியிருந்தது. பின்கட்டுத் தரை சாக்கடையை நோக்கிச் சரிவாக இருப்பதால் யந்திரத்தின் நான்கு கால்களையும் ரசமட்டம் வைத்துத் திருகி உயர்த்தினார். உள்ளே கனத்துக்காகக் கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு என் தாயார் முதன்முறையாக அந்த யந்திரத்தை மரியாதையோடு பார்த்தார். “பாத்தியா, அதுக்குள்ளேயும் கல்லுதான்” என்றார்.

அன்றிரவு மகனுடைய சீருடை உலர்த்தியிலிருந்து சுடச்சுட வெளியே வந்தபோது, அவர் அதை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். காலரைத் திருப்பி முகர்ந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், மேலே இருக்கும் உலர்த்தியின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. கீழே இருக்கும் சலவை யந்திரத்துக்கு இல்லை. ஏன் என்று கேட்டேன். “துவைக்கத்தான் எனக்கே தெரியுமே” என்றார்.

எலி விஷயம் மட்டும் பாக்கி. யந்திரத்தின் அடிப்பாகம் திறந்து கிடப்பதால், பின்சந்து எலிகள் உள்ளே புகுந்து வயர்களைக் கடிக்கும் என்றும், அதற்கு வலை அடிக்கலாம், ஆனால் அதைவிடச் சிலாக்கியமானது ஏற்கனவே வீட்டில் இருக்கிறதே என்றும் ரிப்பேர்க்காரர் பூனையைக் காட்டினார். தாயும் ஒரு குட்டியும் ஆக இருவர் எங்கள் வீட்டில் உத்தியோகத்தில் அமர்த்தப்பட்டுவிட்டார்கள். சம்பளம் தினம் இரண்டு நெத்திலி. எஞ்சிய குட்டிகள் இரண்டும், ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பும் வெள்ளையும், நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கின்றன. ஸ்கூடாய், கூலாய், மாசாய் வட்டாரங்களில் சலவை யந்திரம் வைத்திருக்கும் அன்பர்கள் யாராயினும் தைப்பூசத்துக்கு முன்னால் வந்து எடுத்துச் செல்லலாம்; வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் நான் வீட்டில் இருப்பதில்லை, பழக்கதோஷத்தினால் டோபிக் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன்.